பள்ளிவாசலுக்குள் இருக்கும் பழைய பாரசீகம்

ஈரான் செய்தியில் அடிபடும்போதெல்லாம் என் டைம்லைனில் இரண்டு வகைப் படங்கள் சுற்ற ஆரம்பித்துவிடுகின்றன. ஒன்று, பழைய பாரசீகத் தலைநகரான பெர்சிபோலிஸின் உடைந்த தூண்கள். கூடவே, "இதுதான் உண்மையான ஈரான், இஸ்லாம் வந்து அழித்துவிட்டது" என்று ஒரு வரி. இன்னொன்று, இஸ்ஃபஹானின் நீலக் குவிமாடங்கள். அதற்கு மேலே, "இஸ்லாம் உலகுக்குத் தந்த கலை." பகிர்கிறவர்கள் எதிரெதிர் முகாம். ஆனால் இரண்டு பேரும் இஸ்லாம் ஈரானுக்கு வந்த ஏழாம் நூற்றாண்டில் ஒரு கோடு போட்டு, முன்னால் ஒரு ஈரான், பின்னால் வேறொரு ஈரான் என்று வெட்டிவிடுகிறார்கள். கட்டடங்களில் அந்தக் கோடு எங்கேயும் என் கண்ணில் படவில்லை.

முதலில் பெர்சிபோலிஸ் கணக்கை முடித்துவிடுவோம். கி.மு. 518 வாக்கில் பாரசீகப் பேரரசர் முதலாம் டாரியஸ் தொடங்கிய நகரம் அது. அதன் அபதானா மண்டபத்தில் 72 தூண்கள் இருந்தன, இன்று நிற்பவை 13. அதை எரித்தது கி.மு. 330-இல் வந்த அலெக்சாண்டரின் படை. அப்போது இஸ்லாம் பிறக்க இன்னும் ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேல் இருந்தது. இந்த ஓர் ஆண்டைத் தெரிந்துகொண்டாலே பாதிப் பதிவுகளை அழித்துவிடலாம்.

எனக்கு அந்தத் தூண்களைவிட முக்கியமாகப் படுவது, அந்த நகரம் எரிந்து ஐந்தாறு நூற்றாண்டுகள் கழித்து, இஸ்லாமுக்கு முந்தைய கடைசிப் பாரசீக வம்சமான சாசானிய அரசர்கள் காலத்தில், தெற்கு ஈரானின் ஃபிரூசாபாத்தில் நடந்த வேலை. சதுர அறையின் மேல் வட்டக் குவிமாடத்தை எப்படி உட்கார வைப்பது? வட்டம் நான்கு சுவர்களின் நடுவில் போய்த் தொடும், நான்கு மூலைகளிலும் அதைத் தாங்க எதுவும் இருக்காது. சாசானிய அரசர் முதலாம் அர்தஷீரின் கொத்தர்கள் ஒவ்வொரு மூலையிலும் குறுக்காக ஒரு சின்ன வளைவைக் கட்டினார்கள். சதுரம் எண்கோணமாயிற்று, அதன் மேல் வட்டம் அமர்ந்துகொண்டது. இது நடந்தது கி.பி. மூன்றாம் நூற்றாண்டில்.

அவர்களின் இன்னொரு பெரிய விஷயம் ஐவான். நம் ஊர் கூண்டு வண்டியின் கூண்டை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே வளைந்த கூரை, மூன்று பக்கம் சுவர், முன்பக்கம் முழுக்கத் திறப்பு. சாசானியத் தலைநகராக இருந்த, இன்றைய ஈராக்கில் இருக்கும் டெசிஃபோனின் அரண்மனை ஐவான் சுமார் 25 மீட்டர் அகலம். மரம் அரிதான நாடு, அதனால் சாரப்பலகை முட்டுக் கொடுக்காமல் ஒவ்வொரு செங்கல் வளையத்தையும் முந்தைய வளையத்தின் மேல் சாய்த்துச் சாய்த்தே அந்தக் கூரையை எழுப்பினார்கள்.

637-இல் அரபுப் படை அந்த நகரைப் பிடித்தது. அப்போது என்ன நடந்தது என்று வரலாற்றாசிரியர் அல் தபரி எழுதியிருக்கிறார். தளபதி சஅத் அந்த மண்டபத்திலேயே தொழுதார், சுவரில் இருந்த உருவங்களை அப்படியே விட்டுவிட்டார். "வந்தார்கள், இடித்தார்கள்" என்று ஒரே வரியில் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டியே போய்விடுகிறார்கள்.

அப்புறம் இஸ்ஃபஹானின் ஜாமிஆ பள்ளிவாசல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அதன் முற்றத்தின் நான்கு பக்கமும் நான்கு ஐவான்கள் எழுந்தன. இதன் பொருளை யோசிக்க யோசிக்க எனக்குச் சிலிர்க்கிறது. பேரரசர் கொலுவிருந்த வடிவம் அது. இங்கே அதே வளைவின் கீழே சிம்மாசனம் இல்லை. கடைத்தெருவோடு ஒட்டிய அந்த வாசல்களில் யார் வேண்டுமானாலும் நுழைந்து, அரசன் வீற்றிருக்கும் இடத்தில் தோளோடு தோள் நிற்கலாம். பழைய வடிவத்தைத் தூக்கி எறியாமலேயே அதன் அர்த்தத்தை மாற்றிவிட்டார்கள்.

அதன் வடக்குக் குவிமாடத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அப்போது ஈரானை ஆண்ட துருக்கிய வம்சமான செல்ஜுக்கின் சுல்தான் மாலிக் ஷாவின் அமைச்சர் நிஜாமுல் முல்க் தெற்கே ஒரு பெரிய குவிமாடம் கட்ட, அவருடைய போட்டியாளர் தாஜுல் முல்க் 1088-இல் வடக்கே சிறியதாக ஒன்று கட்டினார். சிறியதுதான் ஜெயித்தது என்பது என் கட்சி. நீல ஓடு கிடையாது, வெறும் செங்கல். கீழே சதுரம், மூலை வளைவுகளுக்குள்ளே இன்னும் சின்ன வளைவுகள், எட்டு பக்கம், அதன் மேல் பதினாறு, அப்புறம் வட்டம். குவிமாடத்தின் உட்பக்கத்தில் செங்கல்லாலேயே வரைந்த ஐங்கோணக் கோலம். ஃபிரூசாபாத்தின் அதே மூலைதான், எண்ணூறு ஆண்டுப் பழக்கத்தில் இவ்வளவு நயமாகிவிட்டது. ஆட்சி துருக்கியருடையது, மதம் அரேபியாவிலிருந்து வந்தது, கைவேலை பாரசீகத்தினுடையது. இதில் எதை வெளியே தள்ளுவீர்கள்?

தாஜ்மஹாலைப் பார்த்தவர்கள் ஐவானையும் பார்த்துவிட்டார்கள். நடுவில் ஓங்கி நிற்கிறதே, அந்த உயர்ந்த வளைவு வாசல், அது இந்த வழியில் வந்ததுதான்.

நம் காலத்துக்கு வந்தால், தெஹ்ரானின் ஆசாதி கோபுரம். அதன் வடிவமைப்புக்காக 1966-இல் நடந்த போட்டியில் ஜெயித்தபோது கட்டடக் கலைஞர் ஹுசைன் அமானத்துக்கு இருபத்து நான்கு வயது. கீழே டெசிஃபோனை நினைவூட்டும் அகன்ற வளைவையும், மேலே இஸ்லாமியக் காலத்துக் கூர்வளைவையும் வைத்து, இரண்டையும் ஒரே உடம்பாக இணைத்தார். 1971-இல், ஈரான் மன்னராட்சியின் 2500 ஆண்டு விழாவையொட்டி, மன்னர் ஷாவின் நினைவுச் சின்னமாகத் திறந்தார்கள். 1979 புரட்சி ஷாவை விரட்டியது, கோபுரத்தைத் தொடவில்லை, பெயரை மட்டும் மாற்றியது. அதன் பிறகும் அரசை எதிர்த்துக் கூடிய கூட்டங்கள் அதன் அடியில் திரண்டிருக்கின்றன. வடிவமைத்த அமானத், புரட்சி அரசு ஒடுக்கிய சிறுபான்மையான பஹாய் மதத்தவர். புரட்சிக்குப் பின் அவர் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கோடு போடுகிற வேலை மனிதர்களை என்ன செய்யும் என்பதற்கு எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.