தெருமுனையிலிருந்து மூணாவது மாடி வரை

ஆம்புலன்ஸ் பத்தி இங்கே யார் என்ன எழுதினாலும் பேச்சு கடைசியில் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கிறது: "போன் பண்ணி எத்தனை நிமிஷத்துல வந்துச்சு?" பன்னிரண்டு என்றால் பாராட்டு, இருபத்தைந்து என்றால் திட்டு. தமிழ்நாட்டில் 108 ஓடத் தொடங்கியது 2008-இல். இத்தனை வருஷம் ஆகியும் அந்த வேலையை அளக்க நம்மிடம் இருக்கும் கோல் இது ஒன்றுதான். வடசென்னைக்கு அது பாதிதான் பொருந்தும். வண்டி தெருமுனைக்கு வந்த நேரம் வேறு, உள்ளே இருக்கும் மருத்துவ உதவியாளரின் கை நோயாளி மேல் பட்ட நேரம் வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து, ஒரு மாடிப்படி, பத்து உறவுக்காரர்கள்.

முதலில் முகவரி. போனை எடுப்பவர் உட்கார்ந்திருப்பது தேனாம்பேட்டையில். "வியாசர்பாடி, பிள்ளையார் கோயில் பக்கத்துல" என்றால் அவருக்கு ஒன்றும் விளங்காது. பிள்ளையார் கோயில் இல்லாத தெருவை இந்தப் பக்கம் யாராவது காட்டினால் பரிசே தரலாம். காமராஜர் நகர், அம்பேத்கர் நகர், நேரு நகர் என்று ஒரே பெயரில் ஊர் முழுக்க இடங்கள். இதில் பழைய எண், புது எண் குழப்பம் வேறு. உண்மையில் உதவுவது ரேஷன் கடை, டிரான்ஸ்ஃபார்மர், பஸ் ஸ்டாப் பெயர், பள்ளிக்கூடம். ஹவுசிங் போர்டு என்றால் பிளாக் எண்ணும் மாடியும். பிளாக் எண்ணைச் சுவரில் எழுதிப் பல வருஷமாகி, சுண்ணாம்போடு சேர்ந்து உதிர்ந்துபோன இடங்கள் ஏராளம். இந்த மாதிரி பிளாக்குகளைக் கட்டிய குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021-இல் மாற்றினார்கள். பிளாக் எண்ணுக்கும் அப்படியே ஒரு கோட்டிங் அடித்திருக்கலாம்.

சந்துக்குள் வண்டியை நுழைப்பது பைலட்டின் வேலை. டிரைவர் என்று நாம் சொல்லுகிறவரை அந்த வேலையில் இருப்பவர்கள் பைலட் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டியை முன்னால் விட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டால், திரும்ப ரிவர்ஸில் வரும்போது பின்னால் தண்ணி லாரி, ஆட்டோ, பத்து பைக். அதனால் இடம் இருந்தால் ரிவர்ஸில் உள்ளே போய், மூக்கு ரோட்டைப் பார்க்க நிறுத்துவார். "இன்னாண்ண, இப்பப் போயி பார்க்கிங் பண்ணிக்கினு கீறீங்க?" என்று அந்த நேரத்தில்தான் யாராவது கத்துவார்கள். அங்கே செலவாகும் ஒரு நிமிடம் வெளியே வரும்போது ஐந்தாகத் திரும்பக் கிடைக்கும்.

வண்டியில் ஆள் இரண்டே பேர். கை நான்கு. தூக்க வேண்டியதோ மருந்துப் பை, சின்ன ஆக்சிஜன் சிலிண்டர், வாயில் அடைக்கும் சளியை உறிஞ்சும் சக்‌ஷன், ஷாக் கொடுக்கும் ஏ.இ.டி., நோயாளியை இறக்க ஏதாவது ஒன்று. முதல் நடையிலேயே எல்லாம் மேலே போக வேண்டும். எதையாவது கீழே விட்டுவிட்டால் மூணு மாடி இறங்கி ஏற வேண்டும், அதற்குள் நிலைமை மாறிவிடும். பழகிய கை எதையும் யோசித்து எடுப்பதில்லை, எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் ஏறும்.

ஆக்சிஜனில் ஏமாறுவது ரொம்பச் சுலபம். பி டைப் சிலிண்டர் நிறைந்திருந்தால் பிரஷர் மீட்டர் 150 காட்டும், உள்ளே சுமார் 1500 லிட்டர். மீட்டர் எண்ணைப் பத்தால் பெருக்கினால் மீதம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். மீட்டர் 50-இல் நிற்கிறது, நோயாளிக்கு மாஸ்க்கில் நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்று வையுங்கள். ஐம்பது நிமிடம் ஓடும் என்று தோன்றும். கடைசி 20-ஐக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆக முப்பதுதான். மாலை நேரக் கன்டெய்னர் லாரி வரிசையில் எண்ணூரிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு வர முப்பது போதுமா? இந்தக் கணக்கைக் காலையில் ஷிஃப்ட் மாறும்போதே போட்டுவிட வேண்டும். கூடவே சிலிண்டர் சாவி அதோடு கட்டியிருக்கிறதா, வாஷர் கிழியாமல் இருக்கிறதா, ஆக்சிஜனை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையர் பாட்டில் மூடி மரை மாறி ஏறி அந்த இடைவெளியில் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். மரை மாறியிருந்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று காட்டும் ஃப்ளோ மீட்டரில் பந்து மேலே ஏறி 10 காட்டும், மாஸ்க்குக்கு வருவதோ பாதிகூட இருக்காது. பை வைத்த மாஸ்க்கை அந்தப் பை ஊதி நிறைந்த பிறகே முகத்தில் போட வேண்டும். சுருங்கிய பையோடு போட்டால் நோயாளிக்கு மூச்சு இன்னும் முட்டும், அவரே பிடுங்கி எறிந்துவிடுவார்.

இனி மாடிப்படி. பழைய போர்டு வீடுகளில் லிஃப்ட் கிடையாது, திருப்பத்தில் சக்கர ஸ்ட்ரெச்சர் திரும்பாது. மூச்சுத் திணறுகிறவரை மல்லாக்கப் படுக்க வைத்தால் திணறல் கூடும், அவருக்கு நாற்காலி. நினைவில்லாதவர் நாற்காலியில் சரிந்துவிடுவார், அவருக்குத் துணி ஸ்ட்ரெச்சரோ, இரண்டாகப் பிரித்து அடியில் நுழைக்கும் ஸ்கூப் ஸ்ட்ரெச்சரோ. இறங்கும்போது கால் முன்னே, தலை மேலே. கால் பக்கம் பிடிப்பவர் பின்பக்கமாக இறங்குவதால் அவருக்கும் பின்னால் ஒருவர் முதுகில் கை வைத்துப் படியை எண்ணிச் சொல்ல வேண்டும். இதற்குத்தான் தெருப் பையன்கள் நான்கு பேர் வேண்டும். இந்த விஷயத்தில் வடசென்னையைக் குறை சொல்லவே முடியாது, கூப்பிடுவதற்கு முன்பே லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள்.

எல்லாவற்றையும்விட ஆபத்தான வாக்கியம் ஒன்று உண்டு: "அவரே நடந்து வந்துடுவாரு சார்." நெஞ்சு வலிக்கிற மனிதர், கௌரவம் வேறு, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மூணு மாடி இறங்குவார். ரத்தம் சரியாகக் கிடைக்காமல் தவிக்கிற இதயத்தின் மேல் அந்த ஐம்பது படியும் சுமை. கீழே வண்டியில் உட்கார்ந்ததும் சாய்ந்துவிடுகிறவர்களில் பலர் இப்படி இறங்கி வந்தவர்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போவதே அவருக்கு முதல் சிகிச்சை. ஆஸ்பிரின் 300 மில்லிகிராம் கடித்து மெல்லச் சொல்வதெல்லாம் 108-இன் மருத்துவரிடம் போனில் கேட்டு, அலர்ஜியும் ரத்தப்போக்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு.

நேரம் பற்றி மக்கள் வைத்திருக்கும் கணக்கு தலைகீழாகிப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. வீட்டில் ஒருவருக்கு இதயம் நின்றுவிட்டது. வண்டி வந்துவிட்டது. உதவியாளர் அவரைக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கி, நெஞ்சை அழுத்தத் தொடங்குகிறார். கட்டிலிலேயே அழுத்தினால் மெத்தைதான் அமுங்கும், நெஞ்சு அமுங்காது. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், முப்பது அழுத்தலுக்கு இரண்டு மூச்சு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். உடம்பு வியர்த்தோ நனைந்தோ இருந்தால் துடைத்த பிறகே ஷாக் பேட் ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டாது. இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் சத்தம் எழும்: "மொதல்ல தூக்குங்கடா, ஆஸ்பத்திரிக்குப் போங்கடா!" அவர்கள் கோபம் புரிகிறது. ஆனால் படியில் இறக்கும்போது யாராலும் ஒழுங்காக நெஞ்சை அழுத்த முடியாது. ஓடுகிற வண்டியிலும் அழுத்தம் சரியாக விழாது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் அந்தச் சிமெண்ட் தரையில் செய்வதுதான் அவருக்கு இருக்கும் நல்ல வாய்ப்பு. "வந்தவன் தூக்காம நின்னுக்கினு இருந்தான்" என்று அடுத்த நாள் வீடியோ போடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போட்டால் நல்லது.

ரோட்டில் இதற்கு நேர் எதிர். கன்டெய்னர் லாரியின் பின்சக்கரம் ஏறிய பைக்காரரிடம் நின்று வைத்தியம் பார்க்கக் கூடாது. ரத்தத்தை அடக்கு, மூச்சுக்குழாயைப் பார், பத்து நிமிடத்துக்குள் கிளம்பு. இடுப்பெலும்பு உடைந்திருக்கும் என்று தோன்றினால் பெட்ஷீட்டை மடித்து இறுக்கிக் கட்ட வேண்டும். எல்லோரும் தவறாகக் கட்டுவது இதைத்தான். வயிற்றில் கட்டுவார்கள். கட்ட வேண்டியது இரண்டு பக்கமும் தொடை எலும்பின் மேல்முனை மேடாகக் கையில் தட்டுப்படும் மட்டத்தில், பேன்ட் பாக்கெட் இருக்கும் இடத்தில். ரத்தத்தை நிறுத்தக் காலில் இறுக்கிக் கட்டும் பட்டையை, அதாவது டூர்னிகே, போட்டால் போட்ட நேரத்தை நோயாளியின் மேலேயே எழுதிவிட வேண்டும், நடுவில் தளர்த்திப் பார்க்கவே கூடாது. கொண்டுபோய்ச் சேர்க்கிற பொதுஜனம் பயப்பட ஒன்றுமில்லை. 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம் உங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது, பெயர் சொல்லக்கூடக் கட்டாயமில்லை. அதே திருத்தம்தான் ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்குப் பத்தாயிரம் அபராதம் என்கிறது. ஆம்புலன்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டே சிக்னல் தாண்டுகிறவர்களுக்கும் ஏதாவது இருந்தால் தேவலை.

பட்டறைப் பக்கம் விரல் துண்டாகும் கேஸ் ஒன்றும் அபூர்வமில்லை. துண்டான விரலை நேரடியாக ஐஸில் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள், நல்ல எண்ணத்தில்தான். ஐஸ் பட்ட திசு செத்துப்போகும். சலைன் நனைத்த துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் காற்றுப் போகாமல் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டும். டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை அறுவைப் பிரிவு நம் ஸ்டான்லியிலேயே இருக்கிறது. கை சிகிச்சைக்குப் பேர்போன இடத்துக்கு செத்துப்போன விரலைக் கொண்டுபோய் நீட்டுவதில் என்ன பிரயோஜனம்? காசிமேட்டில் கெளுத்தி முள்ளோ திருக்கை முள்ளோ குத்தியிருந்தால் இதற்கு நேர்மாறு: பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் அரை மணியாவது முக்கி வைக்க வேண்டும், வலி இறங்கும்.

எண்ணூர், மணலி என்றால் காற்றையும் பார்க்கத் தெரிய வேண்டும். 2023 டிசம்பர் 26 ராத்திரி பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து ஜனங்கள் தெருவுக்கு ஓடி வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த மாதிரி நேரத்தில் வண்டி காற்று வரும் திசையிலிருந்துதான் நெருங்க வேண்டும். பகலில் பெரும்பாலும் கடல்காற்று, ராத்திரியிலும் விடியற்காலையிலும் தரைக்காற்று, பருவத்தைப் பொறுத்து மாறவும் செய்யும். கொடியில் காயும் துணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதலில் ஆளை வெளியே கொண்டுவந்து, சட்டையைக் கழற்றி, கண்ணைத் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவ வேண்டும். உதவியாளரே முகத்தில் துணி கட்டிக்கொண்டு உள்ளே ஓடினால் தூக்க வேண்டிய ஆள் எண்ணிக்கை ஒன்று கூடும், அவ்வளவுதான்.

பக்கவாதத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "கடைசியா எப்போ நல்லா இருந்தார்?" இப்படி ஆனதை எப்போது பார்த்தீர்கள் என்பது இல்லை. ரத்தக்கட்டி கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் அவகாசம். காலை ஆறு மணிக்கு எழும்போதே வாய் கோணியிருந்தது என்றால் ஆரம்பம் ஆறு மணி என்று எழுதக் கூடாது. ராத்திரி பத்துக்குப் பேசிவிட்டுப் படுத்தார் என்றால் கடிகாரம் பத்திலிருந்தே ஓடுகிறது. அதற்கும் முன்னால் சர்க்கரை பார்க்க வேண்டும், சர்க்கரை இறங்கினாலும் ஒரு பக்கம் விழுந்ததுபோலத்தான் இருக்கும். விரலைத் துடைத்துக் காயவிட்டுக் குத்த வேண்டும். வீட்டில் வாயில் சர்க்கரை போட்ட அதே விரலில் குத்தினால் மீட்டர் 300 காட்டும். பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி என்பதைவிட, சி.டி. ஸ்கேன் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்பதே இங்கே முக்கியம்.

ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிடுவதில்லை. உள்ளே நோயாளிகளை அவசரத்துக்குத் தக்கபடி சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கிறார்கள், நல்ல ஏற்பாடு. என்ன நடந்தது, எங்கே அடி, நாடியும் பிரஷரும் எவ்வளவு, வழியில் என்ன கொடுத்தோம் என்று அரை நிமிடத்தில் ஒப்படைத்துவிடலாம். ஆனால் அங்கே படுக்கை காலியில்லை என்றால் நோயாளி ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். அந்த ஸ்ட்ரெச்சர் திரும்பக் கைக்கு வரும்வரை வண்டி நகராது. கொடுங்கையூரில் அடுத்த அழைப்பு வந்தால் வேறு எங்கிருந்தோ ஒரு வண்டி வர வேண்டும். "இருபத்தைந்து நிமிஷம் ஆச்சு" என்ற புகார் பல நேரம் இங்கேதான் பிறக்கிறது, பைலட்டின் கால் ஆக்சிலேட்டரில் எவ்வளவு அழுந்தியது என்பதில் இல்லை. பிறகு ரத்தம் பட்ட தரையை ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும், படிவம் எழுத வேண்டும். 12 மணி நேர ஷிஃப்டில் இது எத்தனை தடவை என்று நீங்களே போட்டுப் பாருங்கள். எட்டு மணி நேரம் கேட்டு அவர்கள் போராடினால் போக்குவரத்து நெரிசலாக மட்டும் அதைப் பார்க்காதீர்கள்.

ஆக, அரசு நிமிடம் எண்ணட்டும், ஆனால் நோயாளியைத் தொட்ட நேரத்தையும் ஸ்ட்ரெச்சர் திரும்பி வந்த நேரத்தையும் சேர்த்து எண்ணட்டும். நம் பக்கம் செய்ய வேண்டியதற்குச் செலவு கிடையாது. தெருமுனையில் ஒரு பையனை நிறுத்துங்கள், ராத்திரி என்றால் கையில் டார்ச்சோடு. மாடிப்படியில் இருக்கும் சைக்கிளையும் தண்ணிக் குடத்தையும் ஓரம் தள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரை அட்டை, பழைய டிஸ்சார்ஜ் காகிதம் இரண்டையும் ஒரு கவரில் போட்டுக் கதவோரம் வையுங்கள். வண்டியில் கூட ஒருவர் போதும். இன்னொன்று, 108-க்குக் கூப்பிட்ட அதே நம்பருக்குத்தான் பைலட் வழி கேட்டுத் திருப்பிக் கூப்பிடுவார். சித்தப்பாவுக்கும் திருவொற்றியூர் அத்தைக்கும் தகவல் சொல்ல வேறு போனை எடுங்கள்.