கடலோரத்தில் எத்தனை இரவு?

கடற்கரை ஊர்களின் சுற்றுலா வளர்ச்சியைப் பற்றிப் பேசுபவர்கள், ஆண்டுக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதைத்தான் முதலில் சொல்கிறார்கள். வந்தவர்கள் எத்தனை இரவு தங்கினார்கள் என்பதே அதைவிட முக்கியமான கணக்கு என்பது என் உறுதியான கருத்து.

ஒரு குடும்பம் ஓர் அறையில் ஆறு இரவு தங்குவதும், மூன்று குடும்பங்கள் அதே அறையில் இரண்டிரண்டு இரவு தங்குவதும் அறை நிரம்பும் கணக்கில் ஒன்றுதான். ஆனால் இரண்டாவது வகையில் வாகனங்கள் மும்மடங்கு வந்துபோகின்றன. விமானத்தில் வருபவர்களாக இருந்தால் எரிபொருளும் மும்மடங்கு எரிகிறது. சென்ற ஆண்டு ஒரு கடலோர விடுதியில் நான் ஒன்பது இரவு தங்கியிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறக்குறைய எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் காலியாயின. மாடிப்படியின் திருப்பத்தில் அழுக்கு விரிப்புகள் இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடக்க, அடுத்தவர்கள் வருவதற்குள் அத்தனை அறைகளையும் முடித்தாக வேண்டுமென்று இரண்டு பெண்கள் மூச்சிரைக்க ஓடிக்கொண்டிருந்தார்கள். வாரக் கணக்கில் தங்குபவர்கள் வரும் மாதங்களில்தான் உட்கார்ந்து சாப்பிட முடிகிறது என்று அவர்களில் ஒருவர் சொன்னது இன்னும் என் மனதை உறுத்துகிறது.

இரண்டு நாளில் திரும்புபவர்களை நான் குறை சொல்லவில்லை. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் கடல்நீரை மருந்தாகப் பரிந்துரைத்த காலத்தில், பிரைட்டன் என்ற இங்கிலாந்துக் கடற்கரை ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்க வசதி படைத்தவர்களால்தான் முடிந்தது. 1841இல் லண்டனிலிருந்து ரயில் வந்த பிறகு, காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டம் பெருகியது. உழைக்கும் மக்களுக்கு நீண்ட தங்கல் கைக்கெட்டியதற்குச் சட்டங்களும் காரணம்: பிரான்ஸ் 1936இல் ஊதியத்துடன் இரண்டு வார விடுப்பை உறுதிசெய்தது, பிரிட்டன் 1938இல் ஊதிய விடுமுறைக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. ஆகவே ஒருவர் கடலோரத்தில் எத்தனை நாள் இருப்பார் என்பதை அவருடைய ஆசையைவிட அவருக்குக் கிடைக்கும் விடுப்பே முடிவு செய்கிறது.

அந்த விடுப்பு கிடைத்தால் என்ன காணலாம் என்பதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலான கடற்கரைகளில் கடல்நீரின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம் ஆவதால், ஏற்றம் வரும் நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகிறது. இரண்டு மாலை மட்டும் பார்ப்பவருக்குக் கடல் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கும். நான் போய்ச் சேர்ந்தது பௌர்ணமியன்று. படித்துறையில் கீழிருந்து ஏழாம் படியைத் தண்ணீர் மூடியிருந்தது. ஒரு வாரம் கழித்து அதே நேரத்தில் போனபோது படிகள் முழுவதும் வெளியே தெரிந்தன, அவற்றுக்கு அப்பால் ஈர மணலில் நண்டுகள் ஓடின. பௌர்ணமி கழிந்து ஏற்றத்தின் உயரமும் குறைந்துவிட்டதால், அன்று நள்ளிரவில் ஏறிய தண்ணீரும் ஐந்தாம் படியைத் தாண்டவில்லை.

வார இறுதிக்குச் சலுகை தருவதை விட்டுவிட்டு, நான்காம் இரவிலிருந்து கட்டணத்தைக் குறைக்கும்படி விடுதி நடத்துபவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். விடுப்பைத் துண்டு துண்டாகத் தராமல், ஆண்டுக்கு ஒரு முறையாவது சேர்ந்தாற்போல் ஏழு நாள் தரும்படி நிறுவனங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.