பரோக் இசை 432 ஹெர்ட்ஸில்தான் இருந்ததா?

“பாக் காலத்து இசை 432 ஹெர்ட்ஸ், 440 பின்னாளில் திணிக்கப்பட்டது” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. (பாக், சுமார் 1600–1750 கால ஐரோப்பிய ‘பரோக்’ இசையின் ஜெர்மன் இசையமைப்பாளர்; இந்த எண்கள், வாத்தியங்கள் சுருதி சேர்க்கும் ‘A’ சுரத்தின் அதிர்வெண்.) தவறு. அன்று பொதுவான சுருதியே கிடையாது. ஊருக்கு ஊர், ஏன், தேவாலயத்துக்கும் அரண்மனைக்குமே மாறியது. அதே காலத்து இசையமைப்பாளர் ஹேண்டலுடையது எனப்படும் 1751-ஆம் ஆண்டு இசைக்கவை (தட்டிச் சுருதி பார்க்கும் உலோகக் கவை) சுமார் 422.5 காட்டுகிறது.

இன்றைய பரோக் பதிவுகளில் பெரும்பாலும் 415. அதுவும் நம் காலத்து வசதிதான்: 440-க்குச் சரியாக அரைச்சுரம் கீழே. ஹார்ப்சிகார்டின் (பியானோவுக்கு முந்தைய, விசைகளால் தந்திகளை மீட்டும் வாத்தியம்) விசைப்பலகையை ஒரு தந்தி அளவு நகர்த்தினால் இரண்டிலும் வாசிக்கலாம். பிரெஞ்சு இசைக்கு 392, வட ஜெர்மன் ஆர்கன்களுக்கு 465 பக்கம்.

இணையத்தில் கிடைக்கும் ‘432 மாற்றிகள்’ மூலப்பதிவு 440 என்றே எடுத்துக்கொண்டு சுமார் 32 சென்ட் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறக்குகின்றன. 415 பதிவை அதில் போட்டால் கிடைப்பது 432 அல்ல, சுமார் 407.5!