அப்பாவிடம் சொல்லாதே

போன ஞாயிறு பினாங்கு ஹின் பஸ் டிப்போ கலைவெளிச் சந்தையில் கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கூட்டாளி ஒருத்தர் கேட்டார்: "கேமராவத் தன் பக்கம் திருப்பி வெச்சிக்கிட்டு அந்தரங்கத்தக் கொட்டுறதெல்லாம் ஒரு கலையா லா? டிக்டாக்ல தினம் பாக்கிறதுதானே." அங்கே எனக்கு வாய் வரவில்லை. வீட்டு மாடிப்படி ஏறும்போதுதான் பதில் வந்தது, வழக்கம்போல.

மோனா ஹாத்தும் என்ற கலைஞர் 1952இல் பெய்ரூட்டில் பாலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1975இல் லண்டனுக்குப் போயிருந்த சமயம் லெபனானில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஊர் திரும்ப வழியில்லை. 1988இல் 'மெஷர்ஸ் ஆஃப் டிஸ்டன்ஸ்' என்று 15 நிமிட வீடியோ ஒன்று செய்தார். திரையில் அம்மா குளிக்கும் புகைப்படங்கள். அவற்றின் மேல் அம்மா எழுதிய கடிதங்களின் அரபு வரிகள், முள்வேலி மாதிரி. பின்னால் தாயும் மகளும் அரபியில் பேசிச் சிரிக்கிறார்கள். மகள் அந்தக் கடிதங்களை ஆங்கிலத்தில் வாசிக்கிறார்: உடம்பு, தாம்பத்தியம், விட்டு வந்த மண். படம் எடுத்ததில் அப்பாவுக்குக் கோபம். தனக்கு மட்டுமே உரியதை மனைவி மகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டாள் என்பதுபோல. அம்மாவோ, எடுத்ததை வைத்துக்கொள், அப்பாவிடம் மூச்சுவிடாதே என்கிறார்.

எனக்கு அரபி தெரியாது. சிரிப்பு கேட்கிறது, எதற்கென்று புரியவில்லை. உடம்பு தெரிகிறது, எழுத்து குறுக்கே நிற்கிறது. எல்லாவற்றையும் சொல்வதுபோல இருக்கும், ஆனால் வாசலோடு நிறுத்திவிடுவார்கள். டிக்டாக்கில் முன்னாள் புருஷனின் வாட்சாப் செய்தியைப் படம் பிடித்துப் போடுகிறவர்கள் அந்த வாசலை வைப்பதில்லை. என் கதையைச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் கதையும் சேர்ந்தே வரும். அவரைக் கேட்டாயா என்பதுதான் என் கணக்கு.

அந்தரங்கம் பேசும் இந்த வீடியோ வகையில் வந்ததெல்லாம் உசத்தி என்று சொல்லமாட்டேன். அமெரிக்கக் கலைஞர் வீட்டோ அக்கோன்சி 1973இல் செய்த வீடியோவில் தரையில் படுத்து சிகரெட் பிடித்தபடி, அரை மணி நேரத்துக்கு மேல் நம்மை வா வா என்று கொஞ்சுவார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. இன்னொரு அமெரிக்கக் கலைஞர் சேடி பென்னிங் வேறு. 15 வயதில் அப்பா வாங்கித் தந்த ஃபிஷர் பிரைஸ் விளையாட்டுக் கேமரா, சாதாரண ஆடியோ கேசட்டில் பதிவாவது. புள்ளி புள்ளியாகத்தான் படம் தெரியும். படுக்கையறைக்குள் அடைந்துகொண்டு, ஒரு கண், உதட்டின் ஓரம், கையால் எழுதிய துண்டுக் காகிதம் என்று காட்டியே, பெண்கள்மேல் தனக்கு வந்த காதலைப் பேசினார். 1993இல் அவர் வீடியோ நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் நடத்தும் பெரிய கலைக்காட்சியான விட்னி பைனியல்வரை போனது.

நமக்கு உடம்பைக் காட்டுவதில் கூச்சம் என்பது பொய். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெல்லாம் கன்னத்தில் வேல், முதுகில் கொக்கி, ஊரே பார்க்கிறது. ஆனால் என்ன நேர்த்திக்கடன் என்று யாராவது வாயைத் திறந்து சொல்கிறார்களா? காட்டுவோம், சொல்லமாட்டோம்.

எங்கம்மா கெடாவில் ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். போன மாதம் ஒரு மத்தியானம், கர்ப்பப்பை எடுத்த கதையைச் சொல்லச் சொல்லி ஃபோனை அலமாரிமேல் சாய்த்து வைத்தேன். 40 நிமிடம். நான் கேள்விப்படாத இரண்டு விஷயம் அதில் இருந்தது, இங்கே எழுதப்போவதில்லை. முடிந்ததும் போட்டுக் காட்டச் சொன்னார். பாதிவரை பார்த்துவிட்டு, "ஏன்டி, என் கழுத்து இப்படியா தொங்குது?" என்றார்.

அழிச்சிடவா என்று கேட்டேன்.

"இருக்கட்டும். உங்க அண்ணி கண்ணுல மட்டும் பட்டுடக் கூடாது."

ஃபோனில் அந்த வீடியோவின் பெயர் 'மீன் கறி'. அம்மா வைக்கச் சொன்னது. அண்ணி சைவம்.