எண்ணத் தெரிகிறது, படிக்கத்தான் நேரமில்லை

சென்ற வாரம் ஓர் ஆராய்ச்சிப் பணிக்கான நேர்காணலில் வெளி உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன். உள்ளே வந்த பெண்ணிடம் தலைவர் கேட்ட முதல் கேள்வி: "மொத்தம் எத்தனை பேப்பர்மா?"

"மூன்று, சார்."

அவ்வளவுதான், கோப்பை மூடிவிட்டார். அந்த மூன்றில் கடைசிக் கட்டுரை, தன் முதல் கட்டுரையின் முடிவு தவறு என்று அவரே நிறுவியது. நான் எடுத்துச் சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

அன்றிலிருந்து பாரூக் ப்ளம்பெர்க் நினைவாகவே இருக்கிறேன். ரத்த நோய், வைரஸ், புற்றுநோய் மூன்றையும் தொட்டவர். 1976இல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவருடைய கட்டுரைகளை ஆண்டு வரிசையில் அடுக்கிவைத்துப் படித்தால்தான் அந்த மனிதர் தெரிவார்.

அவர் வைரஸைத் தேடிப் போகவே இல்லை. ரத்தப் புரதங்கள் ஆளுக்கு ஆள் எப்படி மாறுகின்றன என்பதுதான் அவருடைய கேள்வி. பலமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டவர் உடலில் பிறருடைய புரதங்களுக்கு எதிராக ஆன்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்கும் அல்லவா? அதனால் ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியா நோயாளிகளின் சீரத்தை, அதாவது ரத்தத்தின் தெளிந்த நீரை எடுத்து, உலகின் பல பகுதி மக்களின் சீரத்தோடு அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் எதிரெதிர் குழிகளில் விட்டுப் பார்த்தார்கள். பொருந்தினால் நடுவில் ஒரு கோடு விழும். மாணவனாக இருந்தபோது இந்தத் தட்டை நானும் ஊற்றியிருக்கிறேன். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பிடித்தால்தான் மயிரிழை போன்ற அந்தக் கோடு கண்ணில் படும். ஓர் ஆஸ்திரேலியப் பழங்குடியின் சீரத்துக்கு எதிரே அவர்களுக்கு அப்படியொரு கோடு விழுந்தது. ஆன்டிபாடி போய் ஒட்டும் பொருளுக்கு ஆன்டிஜன் என்று பெயர்; இதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜன்' என்று பெயர் வைத்தார்கள்.

ரத்தப் புற்றுநோயாளிகளிடம் அது அடிக்கடி தென்பட்டது. 1965இல் வந்த கட்டுரையின் தலைப்பே அதைத்தான் சொல்கிறது. 'புதிய' என்ற சொல்லை மேற்கோள் குறிக்குள் போட்டிருந்தார்கள். அந்த அடக்கம் எனக்கு மிகவும் பிடிக்கும். ரத்தப் புற்றுநோய்க்கு ஆளாகும் தன்மையை இந்த ஆன்டிஜன் காட்டுகிறதோ என்பது அவர்களுடைய ஊகம். அப்படியென்றால், அந்த நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள, டவுன் சிண்ட்ரோம் என்ற பிறவிக் கோளாறு உடைய நோயாளிகளிடமும் இருக்க வேண்டும். சோதித்தார்கள், நிறையவே இருந்தது. ஊகம் பலித்துவிட்டது என்று வேறொருவர் அங்கேயே கடையைக் கட்டியிருப்பார்.

ஆனால் அந்த நோயாளிகளிலேயே பெரிய காப்பகங்களில் இருந்தவர்களிடம் அது அதிகமாகவும், பிறந்த குழந்தைகளிடம் இல்லாமலும் இருந்தது. 1966இல், முன்பு ஆன்டிஜன் இல்லாதிருந்த ஒரு டவுன் சிண்ட்ரோம் நோயாளிக்குப் புதிதாக அது தோன்றியது. கூடவே கல்லீரல் அழற்சியும். அடுத்த ஆண்டு ஆய்வகத்தில் வேலைபார்த்த ஒரு பெண்ணுக்கு உடம்பு சரியில்லை. தன் சீரத்தையே தட்டில் விட்டுப் பார்த்தார். கோடு விழுந்தது. பிறகு காமாலை கண்டது. பிறவித் தன்மை என்று எண்ணியது உண்மையில் தொற்று! 1967 கட்டுரை ஆன்டிஜனைக் கல்லீரல் அழற்சியோடு இணைத்தது. ஹெபடைடிஸ் பி வைரஸின் மேலுறைப் புரதம் அது.

ரத்த வங்கிகளில் சோதனை வந்தது அதனால்தான். சக ஆய்வாளர் இர்விங் மில்மனோடு சேர்ந்து அவர் வகுத்த வழியில் தடுப்பூசி உருவாகி, 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 1984இல் தைவான் பச்சிளங்குழந்தைகளுக்குப் போடத் தொடங்கியது. அங்கே சிறுவர்களுக்கு வரும் கல்லீரல் புற்றுநோய் குறைந்துவிட்டது என்ற ஆய்வு 1997இல் வெளியானது. ரத்தப் புற்றுநோயில் தவறிய ஊகம் ஈரல் புற்றுநோயைத் தடுப்பதில் போய் முடிந்திருக்கிறது. இதை எந்த எண்ணில் அளப்பது?

நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. கீழாநெல்லியைப் பற்றிச் சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழு 1988இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய கட்டுரையில் ப்ளம்பெர்க்கும் ஒருவர். மருந்து உண்ட 37 பேரில் 22 பேரிடம் ஆன்டிஜன் மறைந்ததாக எழுதினார்கள். பிற நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. நம்மில் பலர் முதல் கட்டுரையை மட்டும் பரப்புகிறோம். பின்னால் வந்தவற்றையும் சேர்த்துப் படியுங்கள், காமாலை என்றால் ஆன்டிஜன் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்தப் பெண்ணின் மூன்றாவது கட்டுரையை நேற்றிரவு மறுபடி வரிவரியாகப் படித்தேன். எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, எத்தனை முறை திரும்பச் செய்தார், எதை முதலில் கவனிக்காமல் விட்டார் என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார். நியமனத்தை மறுபரிசீலனை செய்யக் கோரி, அதன் நகலை இணைத்துக் குழுத் தலைவருக்கு இன்று காலை கடிதம் அனுப்பியிருக்கிறேன்.