‘ஆவன செய்யப்படும்’

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் வரிசையாகப் படங்கள் அனுப்பியிருந்தாள். இப்போது அவளும் டீச்சர், பதுளைப் பக்கம் ஒரு பாடசாலையில். பிள்ளைகள் வாக்குப் போட்டுத் தேர்ந்தெடுத்து, தங்கள் குறைகளைப் பேசுகிற மாணவர் பாராளுமன்றத்தின் தொடக்க விழாவாம். குத்துவிளக்கு, பேண்ட் வாத்தியம், சபாநாயகருக்குக் கறுப்பு அங்கி, அமைச்சர்களுக்குப் புது டை. கடைசியில், “எப்படி மிஸ் இருக்கு? இனி என்ன செய்யணும்?” என்று கேட்டிருந்தாள்.

முதல் கேள்விக்கு ஒரு இதயம் போட்டுவிட்டேன். இரண்டாவதற்கு வாட்ஸ்அப் போதாது. இதே கேள்வியோடு வேறு ஆசிரியர்களும் இருப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன்.

இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு மேலே ஒரு பாடசாலையில் சில வருஷம் இதற்குப் பொறுப்பாசிரியையாக இருந்தேன். முதல் வருஷம் எங்கள் விழாவும் இப்படித்தான் அமர்க்களப்பட்டது. தேர்தலையும் குறைசொல்ல முடியாது. பிஸ்கட் டின்னில் துளை போட்டு வாக்குப்பெட்டி, கரும்பலகையைத் திருப்பி வைத்து மறைவிடம், சின்ன விரலில் மை. ஆறாந்தரத்துப் பையன் ஒருவன் மை அழிந்துவிடுமே என்று மத்தியானம் சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். அதைப் பார்த்து ஆசிரியர் அறையில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் தாத்தா 1947 தேர்தலில் வாக்குப் போட்டவர். அந்தத் தேர்தலில்தான் தோட்டத் தமிழரின் கட்சியான இலங்கை இந்திய காங்கிரஸிலிருந்து 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். அடுத்த வருஷமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, எங்களைப் போன்ற இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது, அதைத் தொடர்ந்து வாக்கும் போனது. தாத்தா இரண்டாந்தரம் புள்ளடி போடாமலே செத்தார். அப்பாவுக்கு, நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 1988 சட்டத்துக்குப் பிறகுதான் கையில் ஒரு வாக்குச்சீட்டு வந்தது. அந்தப் பையனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதுமில்லை, அவன் சோறு அவனுக்கு.

சரி, தேர்தல் முடிந்தது. அப்புறம்?

முதல் கூட்டத்தில் பிள்ளைகள் 12 கோரிக்கை வைத்தார்கள். தடித்த அட்டை போட்ட சி.ஆர். கொப்பியில் அழகாக எழுதி அதிபரிடம் கொண்டுபோனேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிவப்புப் பேனையால் ஒரே வரி: ‘ஆவன செய்யப்படும்.’ இரண்டாவது கூட்டத்திலும் அதே வரி. மூன்றாவது கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். நாலாவதுக்கு, கொப்பியும் கையுமாக நான் மட்டும் நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். “நம்ம பிள்ளைகளுக்குப் பொறுப்பு இல்ல டீச்சர்” என்றார் கூட வேலை செய்தவர். பொறுப்பு இல்லாமல் இல்லை. பதில் வராத இடத்தில் எத்தனை நாள்தான் கேட்டுக்கொண்டிருப்பது? எங்கள் ஆட்களுக்கு அந்த வரி புதிதா? லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு, கூரையில் ஓட்டை என்று தோட்டத்து ஒபிஸுக்குப் போன எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் அதைக் கேட்டுவிட்டு வந்தவர்கள்தான்.

என் பங்குத் தவறையும் சொல்லிவிடுகிறேன். யார் யார் போட்டியிடலாம் என்று ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நாங்களே பொறுக்கியிருந்தோம். எல்லாம் ‘நல்ல பிள்ளைகள்’. அவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே மாணவத் தலைவர்கள். மாணவத் தலைவர் நிர்வாகத்தின் கை. வரிசை சரியா, சப்பாத்து சுத்தமா என்று பார்ப்பது அவர் வேலை. பிள்ளைகளின் குறையை நிர்வாகத்திடம் கொண்டுபோவது வேறு வேலை. காலையில் பிந்தி வந்தவனின் பெயரை எழுதுகிற பிள்ளையிடமே, பிந்தி வந்ததற்கு பஸ்தான் காரணம் என்று அவன் எப்படி முறையிடுவான்?

அடுத்த வருஷம் புது அதிபர் மாற்றலாகி வந்தார். கறாரான மனுஷன், ஆனால் காது கொடுத்துக் கேட்பவர். இரண்டு விஷயம் கேட்டேன். வகுப்பில் ஐந்து பேர் முன்மொழிந்தால் யாரும் நிற்கலாம், ஆசிரியர் சம்மதம் தேவையில்லை. அடுத்தது, கொப்பியில் வலது பக்கம் ஒரு கோடு கிழித்து அதிபரின் பதிலுக்கு இடம் விடுவேன், இரண்டு வாரத்துக்குள் நிரப்ப வேண்டும். செய்வதென்றால் தேதி, முடியாதென்றால் காரணம். அந்தப் பழைய வரி மட்டும் கூடாது. சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

தரம் 10இல் அடிக்கடி வகுப்புக்கு மட்டம் போடுகிற ஒருவன் நின்று, பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தான். ஆசிரியர் அறை கொதித்தது. “பிள்ளைகளுக்கு அரசியல் பழக்குறீங்க” என்றார் ஒரு மூத்த சேர். ஐ.நா.வின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இலேயே ஏற்றுக்கொண்டது, தங்களைப் பாதிக்கிற விஷயத்தில் பிள்ளைகள் கருத்துச் சொல்லலாம் என்று அதன் 12ஆம் உறுப்புரை சொல்கிறது என்றெல்லாம் நான் எடுத்துவிட்டேன். அவர் அசையவில்லை. நியாயம்தான், உறுப்புரையைக் கேட்டு மனம் மாறிய ஆசிரியரை நானும் இதுவரை கண்டதில்லை.

அவரை அசைத்தது ஒரு கொண்டி. எட்டாந்தரத்துச் சிறுமி ஒருத்தி, வாய் திறக்காத பிள்ளை, இரண்டாவது கூட்டத்தில் எழுந்து, “பொம்பளப் பிள்ளைங்க டாய்லட்ல மூணாவது கதவுக்குக் கொண்டி இல்ல. ஒருத்தி உள்ள போனா ரெண்டு பேர் வெளிய நின்னு கதவப் புடிக்கணும். அதனால நிறையப் பேர் காலையிலேர்ந்து தண்ணி குடிக்கிறதில்ல” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். நானும் அந்தப் பாடசாலையில்தான் நாலு வருஷமாக இருந்தேன். எனக்குத் தெரியாது, ஆசிரியைகளுக்குத் தனி டாய்லட். அதிபர் வலது பக்கத்தில் ‘வெள்ளிக்கிழமை’ என்று எழுதினார். வியாழக்கிழமையே ஒரு கொண்டியும் நாலு திருகாணியும் வந்தன. ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பூட்டியவர் அந்த மூத்த சேர்.

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தோடு மல்லுக்கட்டி, தவணைக்கு 5,000 ரூபாய் பிள்ளைகள் கையில் கொடுக்க வைத்தேன். வலைப்பந்து வலையா, குடையா என்று இரண்டு மணி நேரம் சண்டை. டாய்லட் மைதானத்துக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் மழையோ சொல்லிவிட்டு வருவதில்லை. எட்டுக் குடை வாங்கினார்கள். ஒரே மாதத்தில் நாலு காணாமல்போனது. ‘நாங்கள் அப்போதே சொன்னோமே’ என்று பெரியவர்கள் சந்தோஷப்பட்டார்கள். அடுத்த கூட்டத்தில் பிள்ளைகளே திட்டித் தீர்த்துக்கொண்டு, மிச்சக் குடைகளுக்கு நம்பர் எழுதி, எடுப்பவர் பெயரைப் பதியக் கொப்பி வைத்தார்கள். அதற்குப் பிறகு தொலைந்தது ஒன்றே ஒன்று. அதுவும் காற்றில் தேயிலை மலைக்குள் பறந்துபோனது.

ஆகவே மகளே, அங்கியும் டையும் இருக்கட்டும். உங்கள் அதிபர் இதுவரை எதற்காவது ‘முடியாது’ என்று எழுதிக் காரணம் சொல்லியிருக்கிறாரா என்று பார். எங்கள் கொப்பியில் அப்படி நிறைய உண்டு. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1.30க்குப் பாடசாலை விடும். தோட்டத்து மேல் டிவிஷனுக்குப் போகிற பஸ் 1.35க்கு. விட்டால் கொட்டுகிற மழையில் ஒன்றரை மணி நேர நடை. ஐந்து நிமிஷம் முன்னே மணி அடிக்கக் கேட்டார்கள். ‘முடியாது, பாடசாலை நேரத்தை மாற்ற எனக்கு அதிகாரமில்லை’ என்று எழுதினார் அதிபர். மட்டம் போடுகிற நம்ம ஆள் அதை வாசித்துவிட்டு, “அப்ப பஸ் நேரத்த மாத்த யாருக்கு மிஸ் அதிகாரம்?” என்று கேட்டான். பஸ் டிப்போவுக்குக் கடிதம் எழுதினோம். பதில் இல்லை. திரும்ப எழுதினோம். மூன்றாவது கடிதத்தைத் தபாலில் போடாமல் அவனும் இன்னும் இரண்டு பேரும் சீருடையோடு நேரே கொண்டுபோய், கையெழுத்து வாங்கும்வரை அங்கேயே நின்றார்கள்.

இப்போது அந்த பஸ் 1.45க்குப் போகிறது.