ஏற்காட்டுக் காபியும் காலநிலைப் பேச்சுவார்த்தையின் அணிகளும்

ஐ.நா. காலநிலை மாநாடுகளில் நாடுகள் பெரும்பாலும் அணி அணியாகவே பேசுகின்றன. வாக்கெடுப்பு விதி இன்றுவரை ஏற்கப்படாததால் முடிவுகள் கருத்தொற்றுமையில்தான் எடுக்கப்படுகின்றன. எந்த அணியிலும் இல்லாத சிறு நாட்டின் பேச்சு அங்கே எடுபடுவது கடினம். வளரும் நாடுகள் 134 சேர்ந்த ஜி-77 அணியைப் பலரும் முட்டுக்கட்டை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை.

கடல் மட்டம் உயர்வதால் நிலம் இழக்கும் நாடுகளுக்கு ஒரு காப்பீட்டு ஏற்பாடு வேண்டுமென்று, சிறு தீவு நாடுகளின் சார்பில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு 1991-லேயே கேட்டது. காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் நாடுகளுக்கு உதவ, இழப்புக்கும் சேதத்துக்குமான நிதியம் அமைக்க முடிவானதோ 2022-ல், எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில். அந்த ஆண்டு ஜி-77-க்குத் தலைமை தாங்கியது, பெருவெள்ளத்தில் சிக்கித் தவித்த பாகிஸ்தான். மாநாட்டின் கடைசிக் கட்டத்தில்தான் ஐரோப்பிய ஒன்றியம் இறங்கி வந்தது. அதுவும் மிகவும் நலிந்த நாடுகளுக்கு மட்டுமே பணம், பணம் கொடுக்கும் நாடுகளின் வட்டமும் விரிய வேண்டும் என்ற நிபந்தனைகளோடு. எண்ணெய் விற்கும் சவுதி அரேபியாவும் மூழ்கும் அபாயத்திலுள்ள மாலத்தீவும் ஒரே அணியில் இருப்பதால், அந்த இடத்தில் அணி எளிதாகப் பிளந்திருக்கலாம். பிளக்கவில்லை என்பதால்தான் நிதியம் பிறந்தது.

இந்த அரங்குக்கு வெளியே தனியாக விதி எழுதுவதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டப்படி, அங்கே விற்கும் காபி 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததாக இருக்கக் கூடாது. தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையும் தர வேண்டும். நோக்கம் சரியானதே. ஆனால் ஏற்காட்டு மலையின் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ, சில்வர் ஓக் நிழலில் மிளகுக் கொடிக்கு நடுவே தலைமுறைகளாகக் காபி வைத்திருக்கும் சிறு விவசாயி, தான் காட்டை அழிக்கவில்லை என்று சான்று சேர்க்க ஆகும் செலவை யார் ஏற்பது? சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போயிருக்கிறதே தவிர, இந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை. இறக்குமதியாகும் எஃகு, சிமென்ட், அலுமினியம் ஆகியவற்றின் மீது, அவற்றைத் தயாரிக்கையில் வெளியான கார்பனுக்கேற்ப ஐரோப்பிய ஒன்றியம் விதிக்கும் எல்லைக் கார்பன் வரியும் இப்படிப்பட்டதே. எஃகு உருக்கும் சேலம் மாவட்டத்துக்கு அது அயலார் விவகாரம் அல்ல.

பிரேசில், தென்னாப்பிரிக்கா, சீனாவோடு சேர்ந்து இந்தியா இந்தத் தனி விதிகளின் பிரச்சினையைக் காலநிலை மாநாட்டிலேயே எழுப்பி வருகிறது. அது தொடர வேண்டும். அதே நேரத்தில் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியை எப்போது, எந்த வரிசையில் குறைப்போம், அங்குள்ள தொழிலாளர்களுக்கு என்ன வழி என்பதையும் இந்தியா தானாகவே முன்வைக்க வேண்டும். அந்தக் கணக்கை மாலத்தீவின் பிரதிநிதி நம்மிடம் கேட்கும் நிலைக்கு விட்டால், அடுத்த முறை அணியைப் பிளக்க ஐரோப்பா வர வேண்டியதில்லை.